இளம் வயதில் ஒரு கண் திடீரென இருண்டால் கழுத்தையும் பார்க்க வேண்டும்

முப்பது வயதைக் கடந்த, சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாத ஒருவருக்கு, வேலைக்கு நடுவே ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கி, மேலிருந்து திரை இறங்குவது போல இருள் பரவி, சில நிமிடங்களில் தானாகவே விலகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணில் வலி இல்லை, சிவப்பு இல்லை, கண்ணாடியில் பார்த்தால் எந்த மாற்றமும் தெரிவதில்லை. தூக்கம் குறைந்ததால் வந்திருக்கும், நெடுநேரம் திரையைப் பார்த்ததால் வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் வேலையில் மூழ்கிவிடுவதே பெரும்பாலோரின் வழக்கம். பார்வை முழுமையாகத் திரும்பிவிடுவதால்தான் இந்த அறிகுறி இவ்வளவு எளிதாக அலட்சியப்படுத்தப்படுகிறது. மருத்துவம் இதைக் கண் நோயாக மட்டும் பார்ப்பதில்லை; கண்ணுக்கு ரத்தம் கொண்டுவரும் பாதையில் நேர்ந்த தடையாக, அதாவது பக்கவாதத்தின் முன்னெச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்கிறது. அந்தத் தடை இளம் வயதினரிடம் பல நேரங்களில் கழுத்தில் ஓடும் தமனியில்தான் தொடங்குகிறது.

கண்ணுக்கும் கழுத்துக்கும் என்ன தொடர்பு என்பது ரத்தத்தின் வழியைப் பின்தொடர்ந்தால் விளங்கும். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலிருந்து கழுத்தின் இருபுறமும் மேல்நோக்கிச் செல்லும் குழாய்களே கரோட்டிட் தமனிகள். குரல்வளைக்குப் பக்கத்தில் விரலை வைத்து நாடி பார்க்கும் இடத்தில் துடிப்பது இவைதான். ஏறக்குறைய குரல்வளைக் குருத்தெலும்பின் மேல் விளிம்பு மட்டத்தில் ஒவ்வொரு கரோட்டிட் தமனியும் இரண்டாகப் பிரிகிறது. வெளிக் கிளை முகத்துக்கும் உச்சந்தலைக்கும் போகிறது. உட்கிளை கழுத்தில் வேறு கிளை எதுவும் விடாமல் நேராக மண்டையோட்டுக்குள் நுழைந்து, மூளையை அடையும் முன்பே கண்ணுக்கான தமனியைத் தருகிறது. அந்தக் கண் தமனியிலிருந்து பிரியும் ஒரு நுண்ணிய கிளை பார்வை நரம்புக்குள் புகுந்து விழித்திரையை அடைகிறது. கழுத்தில் சுமார் 5 மில்லிமீட்டர் அகலம் கொண்ட குழாயில் தொடங்கும் இந்தப் பயணம், விழித்திரையின் மையத் தமனியை எட்டும்போது ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறுகிவிடுகிறது. ஆகவே கழுத்தில் உருவாகும் மிகச் சிறிய ரத்தக்கட்டித் துணுக்கு கூட, மேலே போய்ச் சிக்கிக்கொள்ளும்போது ஒரு கண்ணை முழுவதும் இருட்டாக்கப் போதுமானது.

விழித்திரை, தன் எடைக்கு மிக அதிகமாக ஆக்சிஜனைச் செலவழிக்கும் திசுக்களில் ஒன்று. ரத்தம் நின்ற சில வினாடிகளிலேயே அது வேலை செய்வதை நிறுத்திவிடும். ஆனால் உடனே இறந்துவிடாது. இந்த இடைவெளியில் தடை விலகினால் பார்வை திரும்பும், விலகாவிட்டால் செல்கள் மடியத் தொடங்கும். எவ்வளவு நேரம் என்பதைக் குரங்குகளில் விரிவாக ஆராய்ந்தவர் கண் மருத்துவ ஆய்வாளர் சோகன் சிங் ஹேரே. விழித்திரை மையத் தமனியை முழுமையாக அடைத்தபோது, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வரை விழித்திரை பெருஞ்சேதமின்றி மீண்டதையும், நான்கு மணி நேரத்தைத் தாண்டியபோது சேதம் மீளமுடியாத அளவுக்குப் பெருகியதையும் அவருடைய சோதனைகள் காட்டின. மனிதர்களிடம் இந்தக் கால எல்லை இன்னும் குறுகியதாக இருக்கலாம் என்று கருதும் மருத்துவர்களும் உண்டு. எப்படி இருந்தாலும், பார்வை திரும்பாத கண்ணுடன் மறுநாள் காலை வரை காத்திருப்பவருக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் கடந்துபோயிருக்கும்.

தானாக விலகும் இருள் எதனால் விலகுகிறது என்பதை நேரடியாகக் கண்டவர் கனடாவில் பிறந்த நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர். கழுத்துத் தமனி நோய்க்கும் ஒரு கண்ணின் தற்காலிகப் பார்வை இழப்புக்கும் பின்னர் வரும் பக்கவாதத்துக்கும் இடையிலான தொடர்பை 1950களின் தொடக்கத்திலேயே வலியுறுத்திய அவர், பார்வை இருண்டிருந்த அந்தச் சில நிமிடங்களிலேயே நோயாளி ஒருவரின் கண்ணுக்குள் விளக்கைச் செலுத்திப் பார்த்து, விழித்திரைத் தமனிகளின் வழியே வெண்ணிறத் துணுக்குகள் மெல்ல நகர்ந்து போவதை 1959இல் பதிவு செய்தார். துணுக்கு நகர நகர அதற்குப் பின்னால் ரத்தம் மீண்டும் ஓடத் தொடங்கியது. அந்தத் துணுக்கு எங்கிருந்து வந்ததோ அங்கிருந்து இன்னொன்று வரலாம், அடுத்தது கண்ணுக்குப் போகாமல் நேராக மூளைக்குப் போகலாம் என்பதே இந்த அறிகுறி தரும் செய்தி. வலது கண் இருண்டால் வலது கழுத்துத் தமனியையும், அதே தமனி ஊட்டும் மூளையின் வலது பகுதியையும், அந்தப் பகுதி இயக்கும் இடது கை கால்களையும் மருத்துவர் சேர்த்தே யோசிப்பது இதனால்தான்.

தமனிச் சுவர் கிழிவது எப்படி

முதியவர்களிடம் கழுத்துத் தமனி அடைபடுவதற்குக் கொழுப்புப் படிவுதான் முதன்மைக் காரணம்; அது பெரும்பாலும் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் பல ஆண்டுகளாகச் சேர்கிறது. இருபது, முப்பது, நாற்பது வயதுகளில் அப்படிப் படிவதற்கான காலமே இருப்பதில்லை. பிறவியிலேயே கொலஸ்டிரால் மிகுந்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர்களும், கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் இதற்கு விதிவிலக்கு. இளம் வயதினரிடம் முதலில் சந்தேகிக்க வேண்டியது தமனியின் சுவர் உட்புறமாகக் கிழிவது. மருத்துவர்கள் இதை டிசெக்‌ஷன் என்பார்கள். ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேரில் சுமார் மூன்று பேருக்குத்தான் கழுத்துத் தமனிகளில் இது நேர்கிறது. மூளைக்கு ரத்தம் தடைபட்டு வரும் பக்கவாதங்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டால் இதன் பங்கு 2 சதவீதம் அளவுக்கே இருக்கும். ஆனால் ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் அந்தப் பங்கு 10 முதல் 25 சதவீதம் வரை உயர்ந்துவிடுகிறது.

தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய உள்ளடுக்கில் சிறு கிழிசல் விழுந்தாலோ, சுவருக்கே ரத்தம் தரும் நுண்குழாய் ஒன்று சுவருக்குள் கசிந்தாலோ, ரத்தம் அடுக்குகளுக்கு இடையில் புகுந்து அவற்றைப் பிரிக்கத் தொடங்கும். தைத்த கோட்டின் உள்துணி ஓரிடத்தில் தையல் விட்டு, பையாகத் தொங்கிக் கையை நுழைக்கவிடாமல் தடுப்பதைப் பார்த்திருப்போம். இங்கே நடப்பதும் அதுவே. சுவருக்குள் தேங்கும் ரத்தம் உள்நோக்கிப் புடைத்துக் குழாயின் வழியைக் குறுக்குகிறது, சில சமயம் முழுமையாக மூடியும் விடுகிறது. கிழிந்த பரப்பின் மேல் ரத்தம் உறைந்து கட்டிகள் உருவாகி, அவற்றின் துணுக்குகள் ஓட்டத்தோடு மேலே போகின்றன. கண் இருள்வது இவ்விரு வழிகளில் எதனாலும் நேரலாம். துணுக்கு போய் அடைத்தால் இருள் சட்டென வரும். குழாய் குறுகி ரத்த அழுத்தம் போதாமல் போனால், படுத்திருந்து எழும்போதோ, கூசும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதோ பார்வை மங்கும். அது மெதுவாக வந்து மெதுவாக விலகும்.

எதனால் கிழிகிறது என்று கேட்டால், சாலை விபத்தில் கழுத்து முன்னும் பின்னும் வீசப்படுவது, கார் பெல்ட் கழுத்தில் இறுக்குவது போன்ற வெளிப்படையான காரணங்கள் ஒரு சிலரிடம் மட்டுமே கிடைக்கும். பலரிடம் கிடைப்பது, வேறு சமயமாக இருந்தால் நினைவில் கூட நிற்காத ஒரு சிறு நிகழ்ச்சிதான்: கடுமையான இருமல், தொடர் வாந்தி, கனமான பொருளைத் தூக்கியது, விளையாட்டில் தலையை வேகமாகத் திருப்பியது, பின்னால் சாய்த்த கழுத்தோடு நெடுநேரம் இருந்தது. கழுத்தை வேகமாகத் திருகிச் சொடக்கு எடுக்கும் பழக்கத்தை இந்தப் பட்டியலில் தனியாகச் சொல்ல வேண்டும். அப்படித் திருகியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எதுவும் நேர்வதில்லை என்பது உண்மைதான். இருந்தாலும், அதனால் கிடைக்கும் நொடிநேர இதத்துக்கு ஈடாகத் தமனியைப் பணயம் வைக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. கழுத்து ஏற்கனவே வலிப்பதால் திருகச் சொல்லிப் போகிறவருக்கு, அந்த வலியே தொடங்கிவிட்ட கிழிசலின் வலியாக இருக்கவும் கூடும். எந்த நிகழ்ச்சியும் இல்லாமல் தானாகவே கிழிவதும் உண்டு. வாஸ்குலர் எஹ்லர்ஸ்-டான்லோஸ், மார்ஃபான் போன்ற பிறவி இணைப்புத் திசு நோய்கள் உள்ளவர்களுக்குச் சுவரே பலவீனமாக இருக்கும். ஒற்றைத் தலைவலி, ரத்தக் கொதிப்பு, அண்மையில் வந்த தொற்றுக் காய்ச்சல், பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள் ஆகியவற்றுடனும் இதற்குத் தொடர்பு காணப்படுகிறது.

கண்ணுக்கு வெளியே தெரியும் அடையாளங்கள்

கிழிசல் பெரும்பாலும் வலியோடுதான் தொடங்குகிறது. கரோட்டிட் தமனி கிழிந்தால் அதே பக்கத்தில் கழுத்தின் முன்புறம், தாடை, பொட்டு, கண்ணைச் சுற்றிய பகுதி ஆகிய இடங்களில் வலிக்கும். கழுத்தின் பின்புறம் எலும்புகளுக்கு ஊடாக ஏறும் வெர்ட்டிப்ரல் தமனி கிழிந்தால் பிடரியிலும் பின்மண்டையிலும் வலிக்கும். சுளுக்கு என்றோ தலைவலி என்றோ மாத்திரை போட்டுக்கொண்டு நாட்களைக் கடத்திய பிறகே பார்வைக் குறையோ பக்கவாதமோ வரலாம். எனவே கண் இருண்டவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று, சில நாட்களாகக் கழுத்திலோ தலையின் ஒரு பக்கத்திலோ இதுவரை இல்லாத வகையில் வலி இருந்ததா என்பது. சிலர் காதுக்குள் நாடித் துடிப்போடு சேர்ந்து 'உஸ் உஸ்' என்று ஓசை கேட்பதாகச் சொல்வார்கள். தமனி காதுக்கு மிக அருகே மண்டையோட்டுக்குள் நுழைவதால் குறுகிய குழாயின் இரைச்சல் அப்படிக் கேட்கிறது.

இன்னோர் அடையாளத்தை வீட்டில் இருப்பவர்களே கண்டுபிடித்துவிடலாம். கண்ணின் பாவையை விரிக்கும் நரம்பிழைகள் கரோட்டிட் தமனியைச் சுற்றிப் படர்ந்துதான் கண்ணுக்குப் போகின்றன. தமனிச் சுவர் புடைக்கும்போது அவை நசுங்குவதால், அந்தப் பக்கத்து மேலிமை ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் தொய்ந்து, பாவை மற்றதைவிடச் சிறிதாகிவிடும். 1869இல் இதை விவரித்த சுவிஸ் கண் மருத்துவரின் பெயரால் இது ஹார்னர் நோய்க்குறி எனப்படுகிறது. பளிச்சென்ற வெளிச்சத்தில் இரண்டு பாவைகளும் சுருங்கியிருப்பதால் வேறுபாடு தெரியாது. அறையின் விளக்கை மங்கலாக்கினால் நல்ல கண்ணின் பாவை விரியும், பாதிக்கப்பட்ட கண்ணின் பாவை விரியாமல் பின்தங்கும். அப்போது வேறுபாடு தெளிவாகத் தெரியும். இமைத் தொய்வு புதிதா என்று சந்தேகம் வந்தால் கைப்பேசியில் உள்ள பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கழுத்து வலியோடு இந்த மாற்றமும் புதிதாகத் தோன்றினால், வேறு காரணம் உறுதியாகும் வரை தமனிக் கிழிசல் என்றே மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வலி, ஹார்னர், பார்வை அல்லது மூளைப் பாதிப்பு ஆகிய மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படுவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களிடமே. ஒன்று இல்லை என்பதற்காக மற்றவற்றை ஒதுக்கக்கூடாது.

பார்வை போனது ஒரு கண்ணிலா, இரண்டு கண்ணிலுமா என்பதைக் கவனித்து வைத்துக்கொள்வது மிகவும் பயன்படும். இருள் வந்த அந்த நேரத்திலேயே ஒரு கண்ணைக் கையால் மூடிப் பார்த்து, பிறகு மற்றதை மூடிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள் இடது பக்கக் காட்சி மறைந்ததை இடது கண் போய்விட்டது என்றே சொல்வார்கள். உண்மையில் இரண்டு கண்களிலும் இடது பாதி மறைந்திருந்தால், தவறு கண்ணில் இல்லை, மூளையின் பின்பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதிக்கு ரத்தம் தருவது வெர்ட்டிப்ரல் தமனிகளின் வழி. வாசித்துக்கொண்டிருந்தபோது நேர்ந்திருந்தால், சொற்களின் ஒரு பாதி மட்டும் காணாமல் போனதா, மூடாத கண்ணால் முழுச் சொல்லையும் படிக்க முடிந்ததா என்று மருத்துவர் கேட்பார். வெர்ட்டிப்ரல் தமனிக் கோளாறில் தலைச்சுற்றல், தள்ளாட்டம், ஒன்று இரண்டாகத் தெரிதல், விழுங்குவதில் சிரமம் ஆகியவையும் சேர்ந்து வரலாம்.

கிழிசலைத் தவிர இளம் வயதினரின் கழுத்துத் தமனியைப் பாதிக்கும் வேறு சில நோய்களும் உண்டு. அவற்றில் தகயாசு அழற்சியை விரிவாகச் சொல்வது தகும், ஏனென்றால் அது கண்ணின் வழியாகவே உலகுக்குத் தெரியவந்தது. 1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ தகயாசு, ஓர் இளம் பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் பார்வை நரம்பைச் சுற்றி வளையம் வளையமாகப் பின்னிக்கிடந்ததை விவரித்தார். அத்தகைய நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே கிடைக்கவில்லை என்று வேறிரு ஜப்பானிய மருத்துவர்கள் அப்போது தெரிவித்தார்கள். பெருந்தமனியும் அதன் பெரிய கிளைகளும் அழற்சியால் தடித்துக் குறுகுவதே இந்த நோய் என்பது பிற்பாடு விளங்கியது. இது இளம் பெண்களிடமே அதிகம். ஆசிய நாடுகளில் மேற்கைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. நாட்பட்ட களைப்பு, லேசான காய்ச்சல், கையை உயர்த்தி வேலை செய்தால் சோர்வு, இரு கைகளிலும் ரத்த அழுத்தம் வெகுவாக வேறுபடுவது ஆகியவை இருந்தால் இதை நினைக்க வேண்டும். இரு கைகளிலும் அழுத்தத்தை அளப்பதற்கு இரண்டு நிமிடம் போதும் என்றாலும், அது பல இடங்களில் செய்யப்படுவதே இல்லை. நார்த்தசைப் பெருக்க நோயில் தமனி மணிகள் கோத்தது போல இடையிடையே குறுகும். இதுவும் பெண்களிடமே மிகுதி, சிறுநீரகத் தமனியையும் பாதித்து ரத்தக் கொதிப்பை உண்டாக்கும். கரோட்டிட் வலை எனப்படும் மெல்லிய திட்டு தமனியின் உட்புறம் நீட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. அதன் பின்னால் ரத்தம் தேங்கி உறையும்.

திடீர் இருள் அனைத்தும் கழுத்திலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒற்றைத் தலைவலிக்கு முன் வரும் பார்வை மாற்றத்தில் இருளைவிட ஒளிதான் முன்னிற்கும்; மினுமினுக்கும் வளைகோடுகள் இரு கண்களிலும் தோன்றி, இருபது முப்பது நிமிடங்களில் மெல்ல விரிந்து நகரும். பார்வை நரம்பு அழற்சியில் மணிக்கணக்கில், நாட்கணக்கில் பார்வை குறைந்துகொண்டே போகும், கண்ணை அசைத்தால் வலிக்கும், சிவப்பு நிறம் வெளிறித் தெரியும். குனிந்து நிமிரும்போது சில வினாடிகள் மட்டும் இருண்டு தெளிவது மண்டைக்குள் அழுத்தம் கூடியதன் அறிகுறியாக இருக்கலாம். மின்னல் போன்ற ஒளியும் கரும்புள்ளிகளும் தோன்றி, பிறகு இறங்கும் திரை விலகாமல் நின்றால் விழித்திரை விலகியிருக்கக்கூடும். இதயத்தின் அறைகளுக்கு இடையிலுள்ள சிறு துளை, ரத்தம் எளிதில் உறையும் தன்மை ஆகியவற்றாலும் துணுக்குகள் கண்ணை அடையலாம். இவற்றை வீட்டில் உட்கார்ந்து பிரித்தறிய முயல்வதில் பயனில்லை; இவற்றில் பலவும் அவசரமானவையே.

அன்றே செய்ய வேண்டியவை

பார்வை திரும்பிவிட்டாலும் அதே நாளில், பக்கவாதச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். திரும்பவில்லை என்றால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம், தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகவும் கூடாது. முகம் கோணுதல், கை கால் தளர்வு, பேச்சுக் குழறல் ஏதேனும் சேர்ந்திருந்தால் ஆம்புலன்ஸ் அழைப்பதில் தயக்கமே வேண்டாம். கண்ணாடிக் கடைக்குப் போய் பவர் பார்ப்பதும், அடுத்த வாரத்துக்குக் கண் மருத்துவரிடம் நேரம் வாங்குவதும் விலைமதிப்பற்ற நாட்களை வீணடிக்கும், ஏனென்றால் கிழிசலால் வரும் பக்கவாதங்களில் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே நேர்கிறது. எந்தக் கண், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், முழுவதுமா பாதியா, முந்தைய நாட்களில் கழுத்து வலி இருந்ததா, கழுத்துக்கு ஏதேனும் நேர்ந்ததா என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்தால் மருத்துவரின் வேலை பாதி முடிந்துவிடும். மூளையில் கசிவு இல்லை என்று தெரியும் வரை தானாக ஆஸ்பிரின் விழுங்க வேண்டாம்.

மருத்துவமனையில் கண்ணுக்குள் விழித்திரையைப் பார்ப்பார்கள், மூளையையும் கழுத்தையும் படம் எடுப்பார்கள். மூளைப் படம் எதற்கு என்று பலரும் கேட்பதுண்டு. விழித்திரைக்கு மட்டும் ரத்தம் தடைபட்டதாகத் தோன்றியவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அவர் அறியாமலேயே மூளையிலும் புதிய சிறு பாதிப்புகள் இருக்கின்றன. கழுத்துக்குப் பலமுறை முதலில் செய்யப்படுவது டாப்ளர் ஸ்கேன். இது கொழுப்புப் படியும் பிரிவிடத்தை நன்றாகக் காட்டும். ஆனால் கிழிசல் பெரும்பாலும் அதற்கு மேலே, தாடை எலும்புக்குப் பின்னால், ஒலியலை எளிதில் எட்டாத உயரத்தில் நேர்கிறது. ஆகவே டாப்ளர் இயல்பாக இருக்கிறது என்று வந்த அறிக்கையோடு தேடலை நிறுத்திவிடக்கூடாது, சி.டி. ஆஞ்சியோகிராமோ எம்.ஆர். ஆஞ்சியோகிராமோ தேவை. கொழுப்பின் வெண்மையை மறைத்து எடுக்கும் சிறப்பு எம்.ஆர்.ஐ. படத்தில், சுவருக்குள் தேங்கிய ரத்தம் தமனியைச் சுற்றிப் பிறை வடிவில் பளிச்சென்று தெரியும். அந்தப் பிறை தென்பட்டால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. கூடவே ரத்தப் பரிசோதனைகளும், இ.சி.ஜி., எக்கோ ஆகியவையும் செய்யப்படும்.

கிழிசலுக்குச் சிகிச்சை பெரும்பாலும் மருந்துதான். ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்றவை ஒரு வகை. ஹெப்பாரின், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் இன்னொரு வகை. இரண்டில் எது மேல் என்பதைச் சோதிக்க 250 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிடப்பட்ட காடிஸ் ஆய்வில் கணிசமான வேறுபாடு தெரியவில்லை. இரு பிரிவுகளிலும் சேர்த்து நான்கு பேருக்கு மட்டுமே மூன்று மாதங்களுக்குள் மீண்டும் பக்கவாதம் வந்தது. எந்த மருந்து என்பதை நோயாளியின் நிலையைப் பொறுத்து நரம்பியல் மருத்துவர் முடிவு செய்வார். பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை மருந்து தொடரும். ஸ்டென்ட் வைக்கும் தேவை, மருந்தையும் மீறி அறிகுறிகள் தொடரும் சிலருக்கே எழுகிறது. தகயாசு அழற்சிக்கு ஸ்டீராய்டும் நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளும் வேண்டும். கரோட்டிட் வலைக்கு ஸ்டென்டோ அறுவைச் சிகிச்சையோ பரிந்துரைக்கப்படுவது உண்டு. காரணம் மாறினால் சிகிச்சை முற்றிலும் மாறிவிடுவதால்தான் மருத்துவர்கள் இத்தனை பரிசோதனைகள் கேட்கிறார்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், கிழிந்த தமனிகளில் பெரும்பாலானவை இந்த மாதங்களில் தாமாகவே ஆறி மீண்டும் திறந்துகொள்கின்றன. மறுபடியும் கிழிவது அரிது. அப்படி நேர்ந்தாலும் பெரும்பாலும் முதல் மாதத்துக்குள்தான். அந்தக் காலத்தில் கனம் தூக்குவது, கழுத்தைத் திருகுவது, மோதி விளையாடும் ஆட்டங்கள் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். நடையும் அன்றாட வேலைகளும் பொதுவாக விரைவில் அனுமதிக்கப்படும். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் புகைப்பதை நிறுத்துவதும் கட்டாயம். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களும் கருவுற விரும்புபவர்களும் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். மூன்று அல்லது ஆறு மாதம் கழித்து எடுக்கப்படும் இரண்டாவது ஆஞ்சியோகிராம், தமனி திறந்துவிட்டதா, சுவரில் புடைப்பு ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்பதைக் காட்டும். மருந்தை நிறுத்துவதா தொடர்வதா என்பதை அந்தப் படத்தைப் பார்த்த பிறகே மருத்துவர் முடிவு செய்வார் என்பதால், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று எண்ணி அதற்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.